சீமையில் ஒரு ஜாகை

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க அவர்களுக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதினான். அதற்கு மேல் படிக்கும் யோகம் இருந்தால் குருவின் வீட்டிலேயே தங்கி, தண்ணீர் இறைத்து, விறகு பிளந்து, மிச்ச நேரத்தில் பாடம் கேட்டான். ஆகவே, 'படிக்கப் போன ஊரில் அறை தேடிப் பார்' என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டாகவில்லை. அது உண்டாவதற்கு ரயிலும் கப்பலும் பரீட்சையும் வேண்டியிருந்தன.

சென்ற நூற்றாண்டுகளில் நம் நாட்டு வாலிபர்கள் லண்டன் மாநகரத்தில் ஜாகை தேடி அலைந்த கதையைச் சில காலமாக ஆசையுடன் படித்து வருகிறேன். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தப் பகுதி இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும். சீமைக்குப் போனார், பட்டம் பெற்றார், திரும்பினார் என்று ஆசிரியர்கள் அவசரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். நாவல் எழுதிப் பழகியவனுக்கோ அங்கேதான் கால் நின்றுவிடுகிறது. இவர் எங்கே படுத்தார்? யார் சோறு போட்டார்கள்? வாரம் எத்தனை ஷில்லிங்? கதவைத் திறந்த அம்மாள் இவருடைய முகத்தைப் பார்த்ததும் என்ன சொன்னாள்? இந்தக் கேள்விகளின் பின்னால் போனால், இந்திய சரித்திரத்தின் ஒரு கிளை அப்படியே ஒரு வாடகை வீட்டின் மாடிப்படி வழியாக ஏறிப் போவது தெரிகிறது.

லண்டனுக்கு ஏன் போனார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.சி.எஸ். பரீட்சை 1922 வரையில் இங்கிலாந்தில் மட்டுமே நடந்தது. பாரிஸ்டர் பட்டமும் லண்டனில்தான். பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சையைவிட முக்கியமாக ஒன்று செய்ய வேண்டும். விருந்து சாப்பிட வேண்டும்! பன்னிரண்டு தவணைகள், தவணைக்கு ஆறு விருந்தாவது சட்டக் கழகத்தின் மண்டபத்தில் உட்கார்ந்து எழுந்தால்தான் கணக்குத் தீரும். ஆனால் சாப்பாடு போடும் அந்தக் கழகம் மாணவனுக்குப் படுக்க இடம் தரவில்லை. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கல்லூரிக்குள்ளேயே அறைகள் உண்டு. லண்டனுக்குப் போனவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடக்க வேண்டியதுதான்.

1888-ம் வருஷம் செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறிய பத்தொன்பது வயதுகூட நிரம்பாத மோகன்தாஸ் காந்தி அப்படித்தான் போனார். கடல் தாண்டக் கூடாது என்று அவருடைய ஜாதியார் அவரைத் தள்ளி வைத்திருந்தார்கள். மாமிசம், மது, மங்கை மூன்றையும் தொடுவதில்லை என்று தாயாரிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். லண்டனில் இறங்கியதும் விக்டோரியா ஹோட்டல் என்ற பெரிய ஹோட்டலுக்குப் போனார். சில தினங்களுக்கு மூன்று பவுன் பில் வந்தது. நம் பணத்தில் நாற்பது ரூபாய்க்கு மேல். அதில் விசேஷம் என்னவென்றால், அந்த ஹோட்டலில் அவருக்குப் பிடித்த சாப்பாடே கிடைக்கவில்லை; கிட்டத்தட்டப் பட்டினி கிடந்ததற்குத்தான் அந்த மூன்று பவுன். இராத்திரி படுத்தால் அம்மாவின் நினைவு வந்து கண்ணீர் பெருகியது என்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பிறகு கப்பலில் உடன் வந்த ஒருவர் பார்த்துக் கொடுத்த அறைக்குப் போனார். அதை டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா வந்து பார்த்துவிட்டு, 'இது உதவாது' என்று தலையை ஆட்டினார். நாம் இங்கே வருவது படிப்புக்காக மட்டுமல்ல, இங்கிலீஷ்காரர்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வதற்காக, ஆகையால் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்பது மேத்தாவின் கட்சி. ரிச்மண்டில் ஒரு நண்பரோடு ஒரு மாதம் பழகிவிட்டு, மேற்குக் கென்ஸிங்டனில் ஒரு விதவை அம்மாளின் வீட்டில் காந்தி குடியேறினார். அந்த அம்மாளுக்கு இரண்டு பெண்கள். வேகவைத்த கறிகாயும் ரொட்டியும்தான் சாப்பாடு. இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ரொட்டி கேட்க இவருக்குக் கூச்சம். அந்தப் பெண்கள் இரக்கப்பட்டு இன்னும் ஒன்றிரண்டு துண்டு எடுத்து வைப்பார்களாம். ஒரு முழு ரொட்டி இருந்தால்தான் என் பசி அடங்கியிருக்கும் என்கிறார்.

பசிதான் அவரை லண்டனைச் சுற்றிப் பார்க்க வைத்தது. சைவ உணவுச் சாலை எங்கேயாவது இருக்கிறதா என்று தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். ஃபாரிங்டன் தெருவில் ஒன்று தென்பட்டபோது, குழந்தைக்கு விரும்பிய பொருள் கிடைத்தாற்போல் சந்தோஷம் உண்டாயிற்று. அங்கே வாசலில் விற்ற ஒரு ஷில்லிங் புத்தகத்தை வாங்கிப் படித்த பிறகு, தாயாருக்காகக் காப்பாற்றி வந்த விரதம் தம்முடைய சொந்தக் கொள்கையாகிவிட்டது. சீமையில் பாதிப் பேர் விரதத்தைக் கைவிட்டதற்கும் வீட்டுக்கார அம்மாளின் அடுப்புத்தான் காரணம். இவர் விரதத்தைப் பற்றிக்கொண்டதற்கும் அதே அடுப்புத்தான் காரணம். பிற்பாடு ஒற்றை அறை ஒன்றை எடுத்து, ஒரு ஸ்டவ் வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே தயாரித்துக்கொண்டு, நாள் ஒன்றுக்கு ஒன்றே கால் ஷில்லிங்கில் சாப்பாட்டை முடித்தார். ஊர் திரும்பிச் சில வருஷங்களுக்குப் பின், லண்டனுக்குப் படிக்கப் போகிறவர்களுக்காக ஒரு கைப்புத்தகமும் எழுதினார். என்ன துணி எடுத்துக்கொள்வது, அறைக்கு என்ன வாடகை, வாரம் ஒரு பவுனில் எப்படி வாழலாம் என்றெல்லாம் பைசாக் கணக்காக அதில் இருக்கிறது. அவர் காலத்தில் அது அச்சாகவில்லை. மகாத்மா எழுதிய நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் அது ஒன்று என்றால் சில பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இந்த வீட்டுக்கார அம்மாள் என்கிற ஜீவனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். லண்டன் வீடுகள் ஒடுக்கமாக, உயரமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. தரைக்குக் கீழே சமையலறை, அதற்கு மேல் மூன்று நான்கு மாடி, உச்சியில் கூரை தலையில் இடிக்கும் ஒரு சின்ன அறை. கணவனை இழந்தவளுக்கோ, சொற்ப வருமானத்தில் காலம் தள்ளுகிறவளுக்கோ அந்த வீடுதான் சொத்து. கீழே தான் இருந்துகொண்டு மேலே அறை அறையாக வாடகைக்கு விடுவாள். வாடகை வாரக் கணக்கு. குளிர் காய நிலக்கரி தனி. குளிக்க வெந்நீர் தனி. பிற்காலத்தில் காஸ் அடுப்பு வந்தபோது, பெட்டியில் ஒரு பென்னி போட்டால்தான் அது எரியும். பென்னி தீர்ந்தால் பாதி வெந்த சாதத்தோடு அணைந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் அவள் ஒரு மாணவனுக்குத் தாயாகவும் இருக்கலாம், ஜெயில் அதிகாரியாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டுமாக இருந்தாள். கறுத்த முகத்தைக் கண்டு கதவைச் சாத்தியவளும் அவள்தான். அப்படிச் சாத்தியவர்களில் சிலர், 'எனக்கு ஆட்சேபம் இல்லை, மற்றக் குடித்தனக்காரர்கள் விரும்ப மாட்டார்கள்' என்று சொல்லுவார்களாம். இந்த வாக்கியம் லண்டனில் மட்டும் புழங்குகிறது என்று நான் நினைக்கவில்லை.

சென்னைக்கு நான் படிக்க வந்த வருஷத்தில், திருவல்லிக்கேணியில் ஏழெட்டு வீடுகளின் படியேறியிருக்கிறேன். எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார்கள். அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவின் பெயரைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். அறை காலியாக இருக்கிற வீடுகள் சில, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் காலியில்லாத வீடுகளாகிவிட்டன. நம் ஊர்க் கேள்விக்கு நிறம் பார்க்கிற சிரமம்கூட இல்லை.

லண்டன் கதைக்குத் திரும்புகிறேன். இப்படிக் கதவு கதவாக அலைகிற இந்திய மாணவர்களைப் பார்த்து ஒரு பணக்காரர் மனம் வைத்தார். கச்சு தேசத்து மாண்டவியில் பிறந்த சியாம்ஜி கிருஷ்ணவர்மா என்பவர் அவர். சமஸ்கிருதத்தில் பெரிய பண்டிதர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், சுதேச சமஸ்தானங்களில் திவானாக இருந்தவர். பணம் சேர்த்துக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிப் போய்க் குடியேறினார். 1905-ல் ஹைகேட் பகுதியில், கிராம்வெல் அவென்யூ 65-ம் எண் வீட்டை வாங்கி, இந்திய மாணவர் விடுதியாக்கினார். இருபத்தைந்து பேர் வரையில் தங்கலாம். அந்த வருஷம் ஜூலை 1-ந் தேதி ஹைண்ட்மன் என்ற ஆங்கிலேய சோஷலிஸ்டுத் தலைவர் திறந்து வைத்தார். கிழவர் தாதாபாய் நௌரோஜி, லஜபதி ராய், காமா அம்மையார் எல்லாரும் வந்திருந்தார்கள். அதன் பெயர் இந்தியா ஹவுஸ். இப்போது நம் ஹைகமிஷனர் அலுவலகம் இருக்கிற இந்தியா ஹவுஸ் வேறு. அது பின்னால் கட்டியது. சியாம்ஜி உபகாரச் சம்பளமும் ஏற்படுத்தினார். வாங்குகிறவன் பிரிட்டிஷ் சர்க்காரில் உத்தியோகம் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஒரு வாலிபனுக்குக் கதகதப்பான அறையும், சொந்த ஊர்ச் சமையலும், பேசிக்கொள்ளத் தன்னைப் போல் இருபது பேரும் கிடைத்தால் என்ன நடக்கும்? பாதிப் பேர் சீட்டாடுவார்கள். அந்த வீட்டில் நடந்தது வேறு. 1906-ல் விநாயக தாமோதர சாவர்க்கர் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் நடந்தன. 1857-ஐப் பற்றிச் சொற்பொழிவுகள் நடந்தன. சமையற்கட்டுக்குப் பக்கத்தில் வெடிகுண்டு சாஸ்திரமும் நடந்தது. நான் எழுதும் கதை ஒன்றில் அந்த விடுதியின் சமையற்காரனை ஒரு பாத்திரமாக வைத்தால், இது நடக்கிற காரியமா என்று வாசகர்கள் எனக்குக் கடிதம் போடுவார்கள். சதுர்புஜ அமீன் என்று பெயர். இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகளைப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் மறைத்து, 1909-ல் பம்பாய்க்குக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தவன் அந்தச் சமையற்காரன்தான். அவற்றில் ஒன்றினால்தான் அந்த வருஷம் டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்ஸன் சுடப்பட்டார். பிறகு சமையற்காரன் அப்ரூவராகிச் சாட்சி சொன்னான்.

அந்த வீட்டில் நம்மவர்களும் இருந்தார்கள். திருச்சிக்குப் பக்கத்து வரகனேரியிலிருந்து பாரிஸ்டர் படிப்புக்காகப் போன வ. வே. சு. ஐயர் ஒருவர், ஸ்ரீரங்கத்து டாக்டர் தி. சே. சௌ. ராஜன் இன்னொருவர். பாரிஸ்டர் பட்டம் வாங்கப் போன ஐயர் படிப்பை முடித்தும், ராஜ விசுவாசப் பிரமாணம் எடுக்க மனமில்லாமல் பட்டத்தை விட்டார். டாக்டர் ராஜன் பிற்காலத்தில் ராஜாஜி மந்திரி சபையில் மந்திரியானவர். தம் நினைவுகளைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 1909 அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் விஜயதசமி விருந்து ஒன்று நடத்தினார்கள். தலைமை வகிக்கத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியை அழைத்திருந்தார்கள். விருந்து சைவமாக இருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டிருந்ததால், சில வாலிபர்கள் தாங்களே சமையலில் இறங்கினார்கள். மத்தியானம் ஒல்லியான சின்ன மனிதர் ஒருவர் வந்து சேர்ந்து, பாத்திரம் கழுவுவதும் கறிகாய் திருத்துவதுமாகச் சுறுசுறுப்பாக வேலை செய்தார். யாரோ தொண்டர் என்று இவர்களும் வேலை வாங்கினார்கள். சாயங்காலம் ஐயர் உள்ளே வந்து பார்த்து, திகைத்து நின்ற பிறகுதான் அவர்தாம் அன்றைய தலைவர் என்பது தெரிந்ததாம். அன்றிரவு ஒரே மேஜையில் காந்தியும் சாவர்க்கரும் பேசினார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு வேறு திசையைக் காட்டினார்கள். அடுத்த மாதம் கப்பலில் திரும்பும்போதுதான் காந்தி 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். அதில் வரும் கேள்விகளில் அந்த மாணவர்களின் குரல் கேட்கிறது.

விருந்து நடந்தது ஒரு சாப்பாட்டுச் சாலையில். இந்தியா ஹவுஸ் அப்போது மூடிக் கிடந்தது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. 1909 ஜூலை 1-ந் தேதி இரவு, விடுதி திறந்து சரியாக நான்கு வருஷம் ஆன நாளில், இம்பீரியல் இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் மதன்லால் திங்க்ரா என்ற எஞ்சினீயரிங் மாணவர் கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்றார். குறுக்கே பாய்ந்த லால்காகா என்ற பார்ஸி டாக்டரும் மாண்டார். அதைவிடக் கசப்பான விஷயம், அந்த மண்டபத்தில் நடந்தது இந்திய மாணவர்களும் ஆங்கிலேயர்களும் சிநேகமாகப் பழகுவதற்கென்று ஏற்பட்ட சங்கத்தின் உபசார விருந்து. திங்க்ரா அப்போது பேஸ்வாட்டரில் ஒரு வாடகை அறையில் இருந்தார். விசாரணையில் அந்த வீட்டுக்கார அம்மாளும் கூண்டேறிச் சாட்சி சொன்னாள். ஆகஸ்டு 17-ந் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பிறகு இந்திய முகம் என்றாலே லண்டன் வீடுகளின் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொண்டது. சாவர்க்கர் அறை அறையாக மாறினார். போன இடமெல்லாம் துப்பறிகிறவர்கள் பின்னால் நின்றால் எந்த வீட்டுக்காரிதான் வைத்துக்கொள்வாள்? கடைசியில் ரெட் லயன் சந்தில் ஒரு சின்ன இந்தியச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஒதுங்கினார். ஐயர் மாறு வேஷத்தில் பாரிஸுக்குத் தப்பி, அங்கிருந்து 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

ஐயரைப் பற்றி நினைக்கும்போது ஒரு விஷயம் என் மனத்தை விட்டுப் போவதில்லை. எல்லா மாகாணத்தாரும் ஒரே மேஜையில் சாப்பிட்ட மாணவர் விடுதியில் வாழ்ந்தவர் அவர். பல வருஷங்களுக்குப் பிறகு சேரன்மாதேவியில் அவர் தாமே ஒரு குருகுலம் நடத்தினார். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம். தமிழ்நாடு காங்கிரஸும் பண உதவி செய்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, தனியாகச் சாப்பாடு போட்டார்கள். 1924-லும் 1925-லும் தமிழ்நாட்டையே அந்தத் தனிப் பந்தி குலுக்கியது. பெரியார் ஈ. வே. ராவும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். வழக்கு காந்திஜி வரைக்கும் போயிற்று. ஐயர் விலகினார்; 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டார். வெள்ளைக்காரன் ராஜ்யத்துக்குத் தலை வணங்காதவர், இரண்டு தகப்பன்மாருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாமல் நின்றார். அவரைக் குறை சொல்லுகிறவர்களோடு நான் சேருகிறேன். ஆனாலும் அவரிடம் எனக்குள்ள மதிப்புக் குறையவில்லை. இரண்டும் ஒரே மனத்தில் இருக்கக் கூடாது என்று சட்டமா என்ன?

கொலை நடந்த பிறகு சர்க்காருக்கு ஒரு ஞானோதயம் உண்டாயிற்று. அறை கிடைக்காத மாணவன் எங்கே போய்ச் சேருவான் என்று சொல்ல முடியாது. ஆகவே நாமே அறை கொடுப்போம் என்று தீர்மானித்தார்கள். மாணவர்களுக்கு யோசனை சொல்ல ஒரு காரியாலயம் வைத்து, லாகூரில் ஆசிரியராக இருந்து கவி இக்பாலுக்குப் பாடம் சொன்ன தாமஸ் அர்னால்டை அதற்குத் தலைவராக்கினார்கள். 1910-ல் தெற்குக் கென்ஸிங்டனில், பொருட்காட்சி சாலைக்கு எதிரில், கிராம்வெல் ரோடு 21-ம் எண் வீட்டில் அது குடியேறியது. புதிதாக இறங்குகிற மாணவர்கள் அங்கே சில நாள் தங்கலாம். பழைய வீடும் கிராம்வெல், புதிய வீடும் கிராம்வெல். தபால்காரனுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். மாணவர்களுக்குக் குழப்பம் இல்லை. 'அங்கே போர்வையும் கொடுப்பார்கள், நம்மைப் பற்றி ரிப்போர்ட்டும் எழுதுவார்கள்' என்று பேசிக்கொண்டார்கள். 1921-ல் லிட்டன் பிரபு தலைமையில் ஒரு கமிட்டி மாணவர்களின் குறைகளை விசாரித்தபோதும் இந்தச் சந்தேகம் தீர்ந்தபாடில்லை.

ஆனால் அந்த வீட்டில் சில இரவுகள் தங்கிய ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அரசியல் ஒன்றும் தெரியாது. 1914 ஏப்ரல் 14-ந் தேதி லண்டனில் இறங்கிய கணித மேதை இராமானுஜனை முதலில் அழைத்துப் போனது அங்கேதான். நான்கு நாள் கழித்து கேம்பிரிட்ஜுக்குப் போய், பேராசிரியர் நெவில் வீட்டில் ஜூன் வரை இருந்து, பிறகு டிரினிடி கல்லூரி அறைக்குப் போனார். அங்கே அறை தேடும் கஷ்டம் இல்லை. அறையில் எப்படி இருப்பது என்பதுதான் கஷ்டம். அடுப்பு வைத்துத் தாமே சமைத்துக்கொண்டார். ஒரு நாள் மகலனோபிஸ் வந்து, இராத்திரி குளிர் எப்படி என்று விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் போர்த்திப் படுக்கிறேன், அப்படியும் தாங்கவில்லை என்றார் இராமானுஜன். மகலனோபிஸ் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தைக்கடியில் அழகாகச் செருகியபடி இருந்தன. அவற்றுக்கு மேலே விரித்த துப்பட்டியில் இவர் படுத்திருக்கிறார். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கும்பகோணத்தில் பாயை விரித்துப் படுத்தவனுக்கு, படுக்கை என்பது உறை மாதிரி உள்ளே நுழைகிற பொருள் என்று எப்படித் தெரியும்? எண்களின் அந்தரங்கமெல்லாம் தெரிந்த அந்த மனிதர் எத்தனை இரவுகள் அந்தக் கம்பளிகளின் மேலேயே குளிரில் நடுங்கிக் கிடந்தாரோ! 1917-ல் உடம்பு விழுந்தது. 1920-ல், முப்பத்திரண்டாம் வயதில், போய்விட்டார்.

அதே 1920-ல் லண்டனில் இந்திய மாணவர்களுக்கு இன்னொரு வீடு திறந்தது. இதற்குக் காரணமாயிருந்தவர் சேலத்துக்காரர். கே. டி. பால் என்னும் கனகராயன் திருச்செல்வம் பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச் செயலாளர். முதல் உலகப் போரில் நியூஜீலந்து சிப்பாய்கள் தங்குவதற்காகப் போட்டிருந்த ஒரு கொட்டகையில் விடுதி ஆரம்பமாயிற்று. ஷேக்ஸ்பியருக்கு நாடகசாலை கட்ட வாங்கிப் போட்டிருந்த காலி மனை அது. கொட்டகைக்கே ஷேக்ஸ்பியர் குடிசை என்று பெயர். விடுதி பிறகு கவர் தெருவுக்கு மாறியது. அடுத்த யுத்தத்தில் ஜெர்மன் குண்டு அதைத் தகர்த்தது. 1950-களின் தொடக்கத்தில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்தது. லண்டனுக்குப் போன நம்மவர்களில், அந்த விடுதிச் சாப்பாட்டு மண்டபத்தின் பருப்பையும் சோற்றையும் பற்றிச் சொல்லாதவர்கள் குறைவு. சர்க்காரையும் நம்பாமல், வெடிகுண்டையும் நாடாமல் நடுவில் ஒரு வழி இருந்தது என்பதற்கு அந்தப் பருப்பு சாட்சி.

இது நம்மவருடைய கதை மட்டுமல்ல. மேற்கு ஆப்பிரிக்க மாணவர்கள் 1925-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் தலைவர்களில் ஒருவரான லடிபோ சொலாங்கே ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டி வந்து, 1933-ல் கேம்டன் ரோடில் சொந்த விடுதி திறந்தார். உடனே மறு வருஷம் காலனி ஆபீஸ் போட்டியாக ஆக்ரி ஹவுஸ் என்று ஒன்றைத் திறந்தது! மாணவர்கள் அதைப் பகிஷ்கரித்தார்கள். சியாம்ஜியின் வீட்டையும் 21-ம் எண்ணையும் அறிந்தவர்களுக்கு இது இரண்டாம் பதிப்பு. இந்த 1930-களிலேயே, குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மாணவர்களுக்கென்று பிரமாதமாகக் கட்டிய லண்டன் ஹவுஸ் விடுதியில் ஐரோப்பிய வம்சத்தார் மட்டுமே தங்கலாம் என்ற விதி, இரண்டாம் உலகப் போர் முடியும் வரையில் இருந்தது. வீடு வாடகைக்கு விடுவதில் நிறம் பார்ப்பது குற்றம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டம் செய்தது 1968-ல்தான். 1965-ல் செய்த முதல் சட்டம் ஹோட்டலையும் சினிமாக் கொட்டகையையும் கவனித்துக்கொண்டது; வாடகை வீட்டை மறந்துவிட்டது. இப்போது கைப்பேசியில் அறையின் படத்தைப் பார்த்தே முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். கதவைத் திறக்கிற முகத்தைப் பார்ப்பது கடைசிக் காரியமாகிவிட்டது.

ஜாகை தேடியவர்களில் ஒருவரைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். டாக்டர் அம்பேத்கர் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு, 1917-ல் பரோடா சமஸ்தானத்து உத்தியோகத்துக்கு வந்தார். அந்தப் பெரிய ஊரில் அவருக்குத் தங்க இடம் இல்லை. ஹிந்து ஹோட்டலில் சேர்க்க மாட்டார்கள். ஒரு பார்ஸிச் சத்திரத்தில், சத்திரக்காரன் யோசனைப்படி பார்ஸிப் பெயர் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, நாளைக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். தட்டுமுட்டுச் சாமான் குவிந்த இருண்ட மாடி. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. பதினோராம் நாள் காலையில், ஆபீசுக்குப் புறப்படுகிற சமயம், ஒரு டஜன் பார்ஸிகள் கையில் தடியோடு மாடி ஏறி வந்து, சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு ஹிந்து நண்பரிடம் கேட்டார். ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் கேட்டார். இருவருக்கும் நல்ல மனம்தான். இருவர் வீட்டிலும் இடம் இல்லை. பொதுத் தோட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலுக்குப் பம்பாய் போய்ச் சேர்ந்தார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தலைப்பில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சில பக்கங்களைப் படித்துவிட்டு அன்று இரவு என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை.

1920-ல் விட்ட படிப்பை முடிக்க மறுபடி லண்டன் போனார். பிரிம்ரோஸ் குன்றுக்கருகில், கிங் ஹென்றி ரோடு 10-ம் எண் வீட்டில் அறை. அந்த வீட்டுக்கார அம்மாள் மகா கருமி, கடும் கண்டிப்புக்காரி. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் கொஞ்சம் மீனும் ஒரு கோப்பைத் தேநீரும் தருவாள். அதைத் தின்றுவிட்டு பிரிட்டிஷ் மியூஸியம் வாசகசாலைக்குப் போனால், மணியடித்து வெளியே அனுப்பும் வரை எழுந்திருக்க மாட்டார். இரவு பத்து மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த அப்பளத்தில் நாலைச் சுட்டுத் தின்றுவிட்டு மறுபடி படிக்க உட்காருவார். கூட இருந்த நண்பர், 'தூங்கக் கூடாதா?' என்றால், 'பணமும் இல்லை, நேரமும் இல்லை' என்பது பதில். அரைப் பட்டினி போட்டாள் என்பது உண்மை. ஆனால் படியேறி வந்து அவரை வெளியே போகச் சொல்ல அந்தத் தெருவில் ஒருவரும் தடி எடுக்கவில்லை.

அந்த வீட்டை 2015-ல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கி, அவருடைய நினைவகமாக்கியது. பக்கத்தில் குடியிருப்பவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கூட்டம் வருகிறது, சத்தம் வருகிறது என்றார்கள். குடியிருப்பு வீட்டை நினைவகமாக்க அனுமதி இல்லை என்று கேம்டன் நகராட்சியும் மறுத்தது. 2019-ல் விசாரணை நடந்தது. இரண்டு தரப்பு வக்கீல்களும் வாதாடி, 2020 மார்ச்சில் பிரிட்டிஷ் மந்திரி கையெழுத்திட்ட பிறகுதான் அம்பேத்கர் அந்த வீட்டில் நிரந்தரமாகத் தங்கலாம் என்று ஆயிற்று.